ரோட்டவேட்டர் வாங்கும் முன், வாங்கிய பின்: வாசகர் கேள்வி–பதில்

மாதவரம், புழல், மணலி, மீஞ்சூர் பக்கமிருந்து இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் மினி டிராக்டரில் ரோட்டவேட்டர் (சுழலும் பிளேடுகளால் மண்ணை வெட்டிப் பொடியாக்கும் கருவி) பூட்டுவதைப் பற்றியே இருந்தன. நகரத்தை ஒட்டிய சிறு நிலங்களுக்கு மினி டிராக்டர் பொருத்தமான வண்டி. பின்னால் பூட்டும் கருவி பொருந்தாவிட்டால்தான் டீசலும் வீண், மண்ணும் வீண். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

என்னிடம் 24 எச்.பி. மினி டிராக்டர் இருக்கிறது, நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. சோழவரத்தில் 3 ஏக்கர் செம்மண் நிலம். 5 அடி ரோட்டவேட்டர் போட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– வாசகர், மாதவரம்

வேண்டாம் ஐயா, 4 அடி எடுங்கள். வண்டியின் மேல் எழுதியிருக்கும் 24 எச்.பி. இன்ஜினின் சக்தி. பின்னால், கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டில் கிடைப்பது அதில் ஏறத்தாழ 85 சதவீதம், அதாவது 20 எச்.பி. சொச்சம். 4 அங்குல ஆழத்தில் செம்மண்ணை ஓட்ட, ரோட்டவேட்டரின் ஒவ்வொரு அடி அகலத்துக்கும் 5 எச்.பி. வைத்துக்கொள்ள வேண்டும். களிமண் என்றால் ஏறத்தாழ 6 எச்.பி. வேண்டும். அந்தக் கணக்கில் உங்கள் நிலத்துக்கு 4 அடி சரி. பொன்னேரிப் பக்கம் களிமண் வயலுக்கும் வாடகைக்குப் போகும் எண்ணம் இருந்தால் மூன்றரை அடிதான் நிம்மதி. 15 எச்.பி. வண்டிக்கு இரண்டரை அடியைத் தாண்டக் கூடாது.

5 அடி பூட்டினால் என்ன ஆகும்? முதல் நாள் ஓடும். ஈரம் சற்றுக் குறைந்த இடத்தில் இன்ஜின் திணறும். ஓட்டுபவர் ஆழத்தைக் குறைப்பார், இல்லாவிட்டால் ஆக்சிலேட்டரைக் கூட்டுவார். ஆழம் குறைந்தால் 2 அங்குலச் சுரண்டலோடு உழவு முடிந்துவிடும். ஆக்சிலேட்டரைக் கூட்டினால் டீசல் செலவாகும், கிளட்ச் தேயும். வேகமாக முடியும் என்று வாங்கிய கருவியை, இரண்டாவது சால் (நிலம் முழுக்க மறுபடி ஒரு முறை) ஓட்டித்தான் கரை சேர்க்க வேண்டியிருக்கும்.

நேரக் கணக்கையும் பாருங்கள். 4 அடி என்பது 1.2 மீட்டர். போன தடத்தின் மேல் 10 சென்டிமீட்டர் ஏறி ஓட்டினால் பயன்படும் அகலம் 1.1 மீட்டர். மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில், திரும்பும் நேரத்துக்குக் கால் பங்கு கழித்தால், மணிக்கு சுமார் 2,475 சதுர மீட்டர் ஓடும். ஏக்கர் 4,047 சதுர மீட்டர் என்பதால், ஒரு சாலுக்கு ஏக்கருக்கு 1 மணி 40 நிமிடம் பிடிக்கும். 3 ஏக்கரை ஒரே பகலில் முடித்துவிடலாம். உங்களுக்கு அதற்கு மேல் அவசரம் எதற்கு?

வாங்குவதற்கு முன் மூன்று அளவுகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலாவது, பின் டயர்களின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை உள்ள அகலம். ரோட்டவேட்டர் இதைவிடச் சற்று அகலமாக இருந்தால்தான் டயர் தடம் மறையும். குறைவாக இருந்தால், ஒரு பக்கம் தள்ளிப் பூட்டும் வசதி உள்ளதா என்று பாருங்கள். இரண்டாவது, இணைக்கும் பின்களின் கனம். மினி டிராக்டரின் பின்னால் கருவியைத் தாங்கும் கீழ்க் கைகளில் பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் பின்தான் நுழையும். பெரிய வண்டிக்குச் செய்த ரோட்டவேட்டரில் 28 மில்லிமீட்டர் இருக்கும். மூன்றாவது எடை. 4 அடி ரோட்டவேட்டர் 200 கிலோவுக்கு மேல் இருக்கும். தூக்கிய நிலையில் ஸ்டீயரிங் லேசாகிவிட்டால் முன்பக்கம் எடை மாட்டாமல் ஓட்டாதீர்கள். ஜி.என்.டி. சாலையிலோ மணலி சாலையிலோ கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே லேசான ஸ்டீயரிங்கோடு போவது உயிரோடு விளையாடுவது. சாலையில் பி.டி.ஓ. நிறுத்தப்பட்டிருக்க வேண்டும், பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பு ஒட்டியிருக்க வேண்டும்.

எங்கள் வண்டியில் பி.டி.ஓ.வுக்கு இரண்டு வேகம் உண்டு. எதில் ஓட்டுவது?
– வாசகர், புழல்

ரோட்டவேட்டரின் தகட்டில் எழுதியிருப்பதில்தான். பெரும்பாலானவை நிமிடத்துக்கு 540 சுற்றுக்குச் செய்யப்பட்டவை. அதைக் கூடுதல் வேகத்தில் ஓட்டினால் மண் மாவாகும், கியர் பல் உடையும். 540 சுற்று வருவதற்கு இன்ஜின் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று வண்டியின் கையேட்டில் இருக்கும். பல வண்டிகளில் மீட்டரிலேயே குறி போட்டிருப்பார்கள்.

புது ரோட்டவேட்டரோடு வந்த, வண்டியையும் கருவியையும் இணைக்கும் பி.டி.ஓ. ஷாஃப்ட் நீளமாக இருக்கிறது. மெக்கானிக் 'வெட்டிப் போட்டுவிடலாம்' என்கிறார். வெட்டலாமா? ஓட்டும்போது அதிர்வும் இருக்கிறது.
– வாசகி, வடபெரும்பாக்கம்

வெட்டலாம் அம்மா, ஆனால் கண்ணளவில் வெட்டக் கூடாது. நீளமான ஷாஃப்டை அப்படியே பூட்டினால், கருவியைத் தூக்கி இறக்கும்போது இரு முனையும் முட்டி, வண்டியின் பி.டி.ஓ. பேரிங்கையும் ரோட்டவேட்டரின் கியர்பாக்ஸையும் உடைத்துவிடும். அளவுக்கு மேல் வெட்டினால் ஓட்டத்தில் இரண்டு பாதியும் கழன்று ஷாஃப்ட் சாட்டையாகச் சுழலும். அதன் பக்கத்தில் யாரும் தப்ப முடியாது.

முறை இதுதான். ரோட்டவேட்டரைக் கீழ்க் கைகளிலும் டாப் லிங்கிலும் (மேல் இணைப்புக் கம்பி) பூட்டி, சமதரையில் மெதுவாகத் தூக்கி இறக்கிப் பாருங்கள். வண்டியின் தண்டும் ரோட்டவேட்டரின் தண்டும் எந்த உயரத்தில் மிக நெருங்குகின்றனவோ அங்கே நிறுத்தி, அடியில் மரக்கட்டை கொடுத்து, இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். ஷாஃப்டின் இரு பாதியையும் பிரித்து, ஒன்றை வண்டியிலும் மற்றதை ரோட்டவேட்டரிலும் மாட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிடியுங்கள். ஒவ்வொரு பாதியின் முனைக்கும் எதிர்ப்பக்கத்து அடிக்கும் நடுவே 1 அங்குல இடைவெளி விட்டுக் குறியிடுங்கள். இரு பாதியிலும் ஒரே அளவு வெட்ட வேண்டும். மேலே உள்ள பிளாஸ்டிக் உறையிலும் அதே அளவு. வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து, இரும்புத்தூளைத் துடைத்துவிட்டு, கிரீஸ் தடவிச் சேருங்கள். கடைசியாக ஒரு சோதனை: கருவி மிக விலகி நிற்கும் நிலையிலும் ஒரு பாதிக்குள் மற்றது மூன்றில் ஒரு பங்கு நீளமாவது நுழைந்திருக்க வேண்டும்.

அதிர்வுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. ஷாஃப்டைப் பிரித்துச் சேர்க்கும்போது, இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே நேர்க்கோட்டில் அமையாமல் திருகிச் சேர்ந்திருக்கும். கழற்றி, இரண்டு கவையும் ஒரே பக்கம் பார்க்கும்படி திருப்பிப் பூட்டுங்கள். அப்போதும் அதிர்ந்தால் டாப் லிங்கைச் சரிபாருங்கள். வேலை ஆழத்தில் ரோட்டவேட்டரின் கியர்பாக்ஸ் தண்டு, வண்டியின் பி.டி.ஓ. தண்டுக்கு இணையாக இருக்க வேண்டும். வரப்போரம் திரும்பும்போது பிளேடு தரையை விட்டு எழும் அளவுக்குத் தூக்கினால் போதும். சுழலும் நிலையில் முழு உயரத்துக்குத் தூக்கினால் ஷாஃப்ட் மூட்டில் உள்ள ஜாயின்ட் கிராஸ் சீக்கிரமே போய்விடும்.

எல் பிளேடா, சி பிளேடா?
– வாசகர், மீஞ்சூர்

புழுதி உழவு, களை, வைக்கோல் கட்டை இருக்கும் நிலம் என்றால் எல். ஒட்டும் களிமண், சேற்று வயல் என்றால் சி. எல் பிளேடின் மடங்கிய பாதம் மண்ணைக் கிடையாக வெட்டி வேரை அறுக்கும். ஒட்டும் மண்ணில் அந்தப் பாதத்தின் மேலேயே மண் அப்பிக்கொண்டு இன்ஜினை இழுக்கும். வளைந்த சி பிளேடில் மண் தங்காது, சக்தியும் குறைவாகவே பிடிக்கும். சொர்ணவாரி, சம்பா நெல்லுக்குச் சேறடிப்பதுதான் உங்கள் முக்கிய வேலை என்றால் சி போட்டுக்கொள்ளுங்கள். காய்கறி, வேர்க்கடலை என்றால் எல் போதும்.

பிளேடு மாற்றும்போது எல்லாவற்றையும் கழற்றிக் குவித்துவிடாதீர்கள். பிளேடுகள் பூட்டிச் சுழலும் உருளையான ரோட்டாரில் இடது பிளேடும் வலது பிளேடும் சுருள் வரிசையில் நிற்கின்றன. ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு பிளேடுதான் மண்ணில் இறங்க வேண்டும் என்பதற்காக அந்த வரிசை. வரிசை மாறினால் பல பிளேடு சேர்ந்து அடித்து வண்டி குலுங்கும். ஒன்றைக் கழற்றி, அதே இடத்தில் அதே பக்கத்துப் புதியதைப் பூட்டி, பிறகு அடுத்ததுக்குப் போங்கள். இரு கோடி ஃப்ளேஞ்சுகளிலும் (பிளேடு பூட்டும் தகடுகள்) பிளேடுகள் உள்நோக்கியே இருக்க வேண்டும். கூர்விளிம்பு முதலில் மண்ணில் இறங்குகிறதா என்று ரோட்டாரைக் கையால் சுற்றிப் பாருங்கள். தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்த உறுதியான போல்ட் தவிர வேறெதையும் போடாதீர்கள். முதல் 2 மணி நேரம் ஓடியதும் எல்லா நட்டையும் மறுபடி முறுக்குங்கள்.

மணலி புதுநகர் பக்கம் கீரை போடுகிறோம். நிலத்தில் பிளாஸ்டிக் பை, கட்டுக்கம்பி, கயிறு நிறைய. ரோட்டவேட்டரின் ஒரு பக்கத்தில் ஆயில் கசிகிறது. ஆயில் சீல் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றியும் சில நாளில் மறுபடி கசிகிறது. என்ன செய்வது?
– வாசகர், மாத்தூர்

வடசென்னை ஓரத்து நிலங்களில் ரோட்டவேட்டரைக் கெடுப்பது கல்லை விடக் கம்பியும் நைலான் கயிறும்தான். பிளேடு பிடித்துச் சுற்றும் கயிறு மெல்ல நகர்ந்து, ரோட்டாரின் கோடியில் பக்கத் தகட்டுக்கும் ஃப்ளேஞ்சுக்கும் இடையில் உள்ள சந்தில் போய்ச் சேரும். அங்கே சுற்றிச் சுற்றி இறுகும். நைலான் சூட்டில் உருகி, கருப்பு வளையம் போல் கெட்டியாகிவிடும். அந்த வளையம் ஆயில் சீலின் ரப்பர் உதட்டை அறுக்கும். ஆயில் வெளியே வரும், மண் உள்ளே போகும், அடுத்தது பேரிங். கோடியில் மண்ணும் ஆயிலும் கலந்த கருப்புப் பசை தெரிந்தால் அன்றே நிறுத்துங்கள்.

சீல் மாற்றியும் கசிவதற்குக் காரணம் சீல் அமரும் இடம். பழைய சீலும் மண்ணும் சேர்ந்து தண்டில் ஒரு கோடு தேய்த்திருக்கும். நன்றாகத் துடைத்துவிட்டு விரல் நகத்தால் குறுக்கே தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் அந்தப் பள்ளத்தில் எந்தப் புதுச் சீலும் நிற்காது. தண்டின் மேல் உள்ள புஷ்ஷை மாற்ற வேண்டும். புஷ் இல்லாத அமைப்பு என்றால், தேயாத இடத்தில் உதடு படும்படி சீலை 2, 3 மில்லிமீட்டர் தள்ளி அமர்த்தச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். கியர்பாக்ஸின் மேல் காற்று போக ஒரு சிறு துளையுள்ள மூடி இருக்கும். அது சேற்றால் அடைத்துக்கொண்டால், சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலிலும் ஆயில் கசியும். மூடியைக் கழற்றி டீசலில் கழுவி ஊதிவிட்டுப் பூட்டுங்கள்.

கீரைக்கு முன் நிலத்தை நடந்து பொறுக்குவதற்குக் கூலி கொடுத்தாலும் நஷ்டமில்லை. முதல் சால் 2 அங்குலத்துக்கு மேல் இறங்காமல் ஓட்டினால் மேலே உள்ள கம்பியும் பையும் வெளியே வரும், பொறுக்கிவிட்டு இரண்டாம் சால் ஓட்டலாம். இடையில் ஒவ்வொரு மணி நேரமும் நிறுத்திக் கோடிகளைப் பார்க்க வேண்டும். சுற்றியதை எடுக்கும்போது இன்ஜின் அணைந்து, சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும். ரோட்டவேட்டருக்கு அடியில் மரக்கட்டை இருக்க வேண்டும், ஹைட்ராலிக்கை நம்பிக் கீழே கை நீட்டாதீர்கள். இழுக்காமல், ரம்பப் பிளேடால் அறுத்து, ரோட்டாரைப் பின்னோக்கிக் கையால் சுற்றி எடுங்கள். பி.டி.ஓ. ஓடிக்கொண்டிருக்கும்போது காலால் உதைத்துக் கயிற்றை விடுவிக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கால் போய்விடும். புடவை முந்தானை, துண்டு, தளர்ந்த வேட்டி எதுவும் அந்த ஷாஃப்ட் அருகே வரக் கூடாது.

ரோட்டவேட்டர் போட்ட பிறகு அருகும் கோரையும் முன்னை விட அதிகமாகிவிட்டன. கருவியின் கோளாறா?
– வாசகி, செங்குன்றம்

கருவியில் கோளாறு இல்லை, பயன்படுத்திய நேரம்தான் தவறு. ஈரமான நிலத்தில் அருகம்புல்லை ரோட்டவேட்டர் துண்டு துண்டாக நறுக்கி நிலம் முழுக்கப் பரப்பும். ஒவ்வொரு கணுவும் ஒரு செடி. கோரைக்கிழங்கும் அப்படித்தான். பிளேடு 4, 5 அங்குலம் வரை போய்க் கிழங்குச் சங்கிலியை அறுத்துவிடும். அதற்கும் கீழே உள்ள கிழங்குகள் தனித்தனியாக முளைக்கும்.

இந்த இரண்டும் உள்ள நிலத்தில் சித்திரை, வைகாசியில் ரோட்டவேட்டரைத் தொடாதீர்கள். கொத்துக் கலப்பையால் (கல்டிவேட்டர்) குறுக்கும் நெடுக்கும் உழுது, வேரையும் கிழங்கையும் மேலே இழுத்துப் போட்டுக் காய விடுங்கள். 10 நாள் கழித்து இன்னொரு முறை. காய்ந்த அருகை வாரி அள்ளி வெளியேற்றுங்கள், வரப்பில் போடாதீர்கள். கோரை நிழலைத் தாங்காது. பசுந்தாள் செடியான தக்கைப்பூண்டை நெருக்கமாக விதைத்தால் அதன் நிழலிலேயே சோர்ந்துபோகும். வாடகை ரோட்டவேட்டர் வந்தால், வயலில் இறங்கும் முன் பிளேடில் ஒட்டிய மண்ணைச் சுரண்டச் சொல்லுங்கள். அடுத்தவர் நிலத்துக் கோரை அதில்தான் வருகிறது.

சில வருடங்களாக ரோட்டவேட்டர் மட்டும்தான் ஓட்டுகிறோம். மேல்மண் பூப்போல இருக்கிறது. ஆனால் மழை பெய்தால் கத்தரிச் செடி தண்ணீரில் நின்று அழுகுகிறது. ஏன்?
– வாசகர், பொன்னேரி

பூப்போன்ற மண்ணுக்குக் கீழே ஒரு கெட்டித் தட்டு உருவாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் பிளேடு ஒரே ஆழத்தில் அடித்து, அடிப்பரப்பை மெழுகியதுபோல் ஆக்குகிறது. டயரின் பாரமும் சேருகிறது. மழை பெய்து இரண்டு நாள் கழித்து, பென்சில் கனமுள்ள ஒரு இரும்புக் கம்பியை நிலத்தில் அழுத்துங்கள். 4, 5 அங்குலம் வழுக்கிக்கொண்டு போய் டக்கென்று நின்றால் தட்டு அங்கேதான். ஒரு கத்தரிச் செடியைப் பிடுங்கிப் பாருங்கள், ஆணிவேர் அந்த ஆழத்தில் பக்கவாட்டில் மடங்கியிருக்கும்.

கோடையில், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, ஆழமாகக் கீறும் உளிக் கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் ஒரு திசையிலும் பிறகு குறுக்கேயும் கீறுங்கள். 2, 3 ஆண்டுக்கு ஒரு முறை போதும். ஈரத்தில் கீறினால் கோடு மட்டும்தான் விழும், தட்டு நொறுங்காது. இது மினி டிராக்டரால் ஆகிற வேலை இல்லை. வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகைத் திட்டத்தில் உழவன் செயலி வழியாகப் பெரிய டிராக்டரை முன்பதிவு செய்துகொள்ளலாம். இனிமேல் கொத்துக் கலப்பையால் முதல் சால், ரோட்டவேட்டரால் கடைசியாக ஒரே ஒரு சால் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டவேட்டர் உழவை முடிக்கும் கருவிதான், அதை வைத்து உழவைத் தொடங்கக் கூடாது.

ஆண்டு முழுக்க நெல் மட்டுமே போடும் வயலில் இந்தத் தட்டை உடைக்காதீர்கள். அங்கே தண்ணீரைப் பிடித்து வைப்பதே அதுதான்.

மினி டிராக்டரைச் சேற்றில் இறக்கலாமா? தக்கைப்பூண்டு மடக்கி உழ வேண்டும். எங்கள் மண்ணில் உப்பும் இருக்கிறது.
– வாசகர், அத்திப்பட்டு

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, பின்னால் கேஜ் வீல் (சேற்றில் பிடிமானம் தரும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) என்றால் இறக்கலாம். கால் வைத்தால் கெண்டைக்கால் வரை புதையும் வயலில் வேண்டாம். தண்ணீர் 2 அங்குலம் நின்றால் போதும். கூடுதல் தண்ணீரில் கட்டி மிதந்து நழுவும், அரைபடாது. சிக்கிக்கொண்டால் முன்னோக்கி முறுக்கவே கூடாது. பின் சக்கரம் பிடித்துக்கொண்டு முன்பக்கம் எழும்பி வண்டி பின்னால் கவிழும். பி.டி.ஓ.வை நிறுத்தி, ரோட்டவேட்டரைத் தூக்கி, பின்னோக்கி வரப் பாருங்கள். வராவிட்டால் இன்னொரு வண்டியைக் கூப்பிடுங்கள்.

தக்கைப்பூண்டு உப்பு மண்ணுக்கு ஏற்ற பசுந்தாள் உரம்தான். ஏக்கருக்கு 20 கிலோ விதை, 45 நாளில், பூ எடுக்கும் தறுவாயில் மடக்கி உழவு. தலைக்கு மேல் வளர விட்டால் தண்டு நார் பிடித்து ரோட்டாரில் சுற்றும். முதலில் பலகை இழுத்துச் செடியைச் சாய்த்து, சாய்ந்த திசையிலேயே, முதல் கியரில் மெதுவாக, ரோட்டவேட்டரின் பின் பலகையை உயர்த்தி ஓட்டுங்கள். ஒரு வாரம் மட்க விட்டு இரண்டாம் சால், பிறகு நடவு. உப்பு மண்ணைப் புழுதியில் மாவாக்காதீர்கள். முதல் மழையிலேயே மேலே ஏடு கட்டி, விதை முளைக்க முடியாமல் போகும். நெல்லிக்காய் அளவு கட்டி மேலே கிடப்பது நல்லது.

பழைய ரோட்டவேட்டர் விலைக்கு வருகிறது. எதைப் பார்ப்பது?
– வாசகர், திருவொற்றியூர்

பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டுக் கியர் பெட்டியின் அடி போல்ட்டைத் தளர்த்தி ஆயிலைப் பாருங்கள். பால் போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, மினுங்கினால் பல் தேய்கிறது. ரோட்டாரை மேலும் கீழும் நெம்பினால் ஆடக் கூடாது. ஃப்ளேஞ்சில் போல்ட் துளை நீள்வட்டமாகிவிட்டதா, வெல்டு விரிந்திருக்கிறதா, ரோட்டாரைச் சுற்றினால் நடுவில் நெளிகிறதா என்று பாருங்கள். நெளிந்தால் வாங்காதீர்கள். தேய்ந்த பிளேடு குறையே இல்லை, விலையில் கழித்துக்கொள்ளலாம்.

காய்ந்த தரையில் வண்டி தானாகவே முன்னால் பாய்கிறது.
– வாசகர், கொசப்பூர்

ரோட்டார் சுழலும் திசையும் சக்கரம் சுழலும் திசையும் ஒன்றே. பிளேடு மண்ணில் இறங்க முடியாதபோது அதுவே சக்கரமாகி வண்டியைத் தள்ளும். தண்ணீர் கட்டி, பிடித்தால் உருண்டையாகி, விட்டால் உதிரும் பதம் வந்த பிறகு ஓட்டுங்கள். ரோட்டார் மண்ணில் இருக்கும்போது ரிவர்ஸ் எடுக்கவே கூடாது.

மானியம் உண்டா?
– வாசகி, காட்டூர்

உண்டு. மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும், கருவிக்குரிய உச்சவரம்புக்கு உட்பட்டு, கிடைக்கும். விண்ணப்பம் வேளாண்மைப் பொறியியல் துறைக்கு. அனுமதி ஆணை கைக்கு வந்த பிறகே வாங்குங்கள். முன்பே வாங்கிய கருவிக்கு மானியம் கேட்க முடியாது.

மழைக்காலத்தில் கருவியை எப்படி வைப்பது? கடற்காற்று வேறு.
– வாசகர், எண்ணூர்

கழுவி, காய வைத்து, பிளேடுகளுக்கும் ரோட்டாருக்கும் பழைய இன்ஜின் ஆயில் பூசுங்கள். பி.டி.ஓ. ஷாஃப்டைப் பிரித்து, உள் குழாய்க்குக் கிரீஸ் தடவி, கொட்டகைக்குள் வையுங்கள். கியர் ஆயிலை இப்போதே வடித்து, 90 எண் கியர் ஆயிலை அளவுக் குறி வரை ஊற்றிவிடுங்கள். தண்ணீர் கலந்த ஆயில் மூன்று மாதம் உள்ளே நின்றால் பேரிங் துருப்பிடிக்கும். புதுக் கருவி என்றால் முதல் 50 மணி நேரத்துக்குள் ஆயில் மாற்றம் ஒரு முறை முடிந்திருக்க வேண்டும். கருவியை மண் தரையில் வைக்காமல் மரக்கட்டையின் மேல் இறக்கி வையுங்கள்.